வெள்ளாறு கடலைத் தொடும் ஊர்

கம்மாபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் இரண்டே இடம். ஒன்று, கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் சில்வர் பீச். இன்னொன்று, பிச்சாவரம். பள்ளிக்கூடத்துச் சுற்றுலா, கல்யாணமான புதிதில் ஜோடியாகப் போவது, வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் வேன் பிடித்துக் கூட்டிப்போவது எல்லாம் இந்த இரண்டுக்கும்தான். ஆனால் விருத்தாசலத்தில் தொடங்கி கம்மாபுரத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிற சாலை, சேத்தியாத்தோப்பு, புவனகிரி, முட்லூர் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து கடைசியில் போய் நிற்கிற இடம் பரங்கிப்பேட்டை. ஒன்றரை மணி நேரப் பயணம்தான்.

ஆறும் அந்தப் பக்கம்தான் போகிறது. சேலத்து மலைகளில் புறப்படும் வெள்ளாறு, கூடலையாற்றூரில் மணிமுத்தாற்றைச் சேர்த்துக்கொள்கிறது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் நின்று வாய்க்கால்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரோடு பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் இறங்குகிறது. கம்மாபுரம் வட்டாரத்தில் பெய்கிற மழையில் ஒரு பகுதி கடைசியில் அந்த முகத்துவாரத்துக்கு வந்துதான் உப்பாகிறது. ஒரே ஆற்றின் மேல்கரை நெல்லும் கரும்புமாக இருக்கிறது. கீழ்க்கரை மீனும் நண்டுமாக இருக்கிறது. மேல்கரைக்காரர்கள் கீழ்க்கரையைப் போய்ப் பார்த்ததே இல்லை என்பது வருத்தமான விஷயம்.

பிச்சாவரம் போகிற வண்டிகள் சிதம்பரம், கிள்ளை வழியாகவே போய்த் திரும்பிவிடுகின்றன. ஆற்றுக்கு வடகரையில் நானூறு ஆண்டுக்கும் மேல் பழமையான துறைமுகம் ஒன்று இருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. பிச்சாவரத்துக் கண்டல் காட்டைப் படகில் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்ப்பது நல்ல அனுபவம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காட்டையும் ஆற்றையும் கடலையும் நம்பிப் பிழைக்கிற ஊரை ஒரு காலைப்பொழுது நடந்து பார்த்தால் மனதில் தங்குவது அதிகம். அதற்கு ஒரே நிபந்தனை, ஊரின் நேரத்துக்குப் போக வேண்டும்.

குளித்துச் சாப்பிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புகிற குடும்பம் போய்ச் சேரும்போது பரங்கிப்பேட்டையின் மீன்பிடித் துறையான அன்னங்கோயில் கழுவி விடப்பட்டுக் காலியாகக் கிடக்கும். நாலு காக்கை, இரண்டு நாய், வெயிலில் காயும் வலை. “ஒண்ணுமே இல்லையே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். விடிகிற நேரத்துக்கு அங்கே இருப்பவர்களுக்கு அதே துறை வேறு இடம். முகத்துவாரத்துக்குள் ஃபைபர் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்துகொண்டிருக்கும். கரையில் நிற்பவர்கள் படகு தண்ணீரில் எவ்வளவு அமுங்கி வருகிறது என்பதைப் பார்த்தே பாடு எப்படி என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். வலையை உதறுவதும், கூடையை வீசுவதும், ஐஸ் உடைப்பதும், பெட்டியை இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். நடுவில் நின்று செல்பி எடுப்பவர்மேல் யாராவது கூடையோடு வந்து மோதினால் தப்பு கூடைக்காரர்மேல் இல்லை.

ஏலம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தரையில் ஒரு குவியல் சங்கரா, பக்கத்தில் கிழங்கான், கொஞ்சம் தள்ளிக் கானாங்கெளுத்தி. ஏலம் விடுகிறவர் ஒரு விலையில் ஆரம்பித்து ராகம் மாதிரி இழுத்துக்கொண்டே போவார். சுற்றி நிற்கிற வியாபாரிகளில் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். தலையை ஆட்டுவார்கள், விரலை மடக்குவார்கள், அவ்வளவுதான். வெளியூர்க்காரருக்கு யார் எடுத்தார்கள் என்றே புரிவதற்குள் குவியல் கூடைக்குப் போய், கூடை ஐஸுக்குள் போய், அடுத்த குவியல் கொட்டப்பட்டிருக்கும். பெரிய வஞ்சிரமும் ஏற்றுமதிக்குப் போகிற இறாலும் வண்டி ஏறிவிடும். ஏலத்தில் எடுத்ததைக் கூறு கட்டி உட்கார்ந்து விற்கிற பெண்களிடம்தான் வீட்டுக்கு வாங்குகிறவர் போக வேண்டும்.

“அக்கா, கூறு எவ்வளவு?”

“எடுத்துக்க தம்பி. எந்த ஊரு?”

“விருத்தாசலம் பக்கம்.”

“அவ்ளோ தூரமா? அப்ப ஐஸ் போட்டுத்தான் கொண்டு போகணும். அந்தா அங்க சுத்தம் பண்ணித் தருவாங்க, குடுத்து வாங்கிக்க.”

ஊரைக் கேட்டு, வழிதூரம் பார்த்து, அதற்கேற்ற மீனை எடுத்துக் கொடுப்பார்கள். நீண்ட தூரம் போகிறவருக்கு நெத்திலியைத் தள்ளிவிட மாட்டார்கள், அது சீக்கிரம் குழைந்துவிடும். இப்படி வாங்குவதில் இன்னொரு நன்மை உண்டு. ஊருக்கு வந்தவர் செலவழிக்கிற பணம் நேராக அந்தப் பெண்ணின் சுருக்குப்பைக்குப் போகிறது. மீன்பிடித் தொழிலில் ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கரைக்கு வந்த மீனைக் காசாக்குவது பெரும்பாலும் பெண்கள். தலைச்சுமையாகவும் ஷேர் ஆட்டோவிலும் அவர்கள் கொண்டுபோவது போக, டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போகிற வியாபாரிகள் தனி. கம்மாபுரம் தெருக்களில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற மீன் வண்டியின் பெட்டியில் இருப்பது இந்தக் கடற்கரை மீனாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

நண்டு விற்கிற இடத்தில் கொஞ்சம் நேரம் நிற்பது நல்லது. கடலில் வலையில் விழுகிற புள்ளி நண்டு ஒரு பக்கம். ஆற்றிலும் கண்டல் காட்டுச் சேற்றிலும் பிடிபடுகிற கனத்த சேற்று நண்டு இன்னொரு பக்கம். சேற்று நண்டை உயிரோடுதான் விற்பார்கள். இரண்டு கொடுக்குகளையும் உடம்போடு சேர்த்து மடக்கிக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டைப் போடுவதே ஒரு வித்தை. நண்டை மிதித்துக்கொண்டு, பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோய், ஒரு கொடுக்கு அசைவதற்குள் அடுத்ததையும் மடக்கிச் சுற்றிவிடுவார்கள். வாங்குகிறவர் நண்டைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே வாங்கினால் அது தண்ணி நண்டு, அதாவது ஓடு கழற்றி இன்னும் சதை பிடிக்காதது. கல் மாதிரி இருந்தால் எடுக்கலாம். நல்ல எடையுள்ளவை சென்னைக்கும், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போய்விடுகின்றன. துறைக்கு நேரில் வருகிறவருக்கு அதே நண்டு முதல் கையில் கிடைக்கிறது.

முகத்துவாரத்தைப் பற்றி மீனவர்களிடம் கேட்டால் பேச்சு நீளும். ஆற்றில் வெள்ளம் குறைந்த காலங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கிறது. படகு தரைதட்டுகிறது, அலை புரட்டிவிடுகிறது. தூர்வாரக் கேட்டு மனுக் கொடுப்பது இங்கே நெடுநாள் கதை. மேலே அணைக்கட்டில் தண்ணீர் நிற்பதற்கும் கீழே படகு தட்டுவதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதைக் கம்மாபுரத்துக்காரர் ஒருவர் இந்தக் கரையில் நின்று கேட்டால்தான் உறைக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் கூட்டப்பட்டது. அந்த மாதங்களில் போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது என்று நினைக்க வேண்டாம். படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பதும், பெயின்ட் அடிப்பதும், தென்னை நிழலில் வலை பொத்துவதும் அப்போதுதான். கடலுக்குப் போகிற காலத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. தடைக்காலத்தில் வலை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே மணிக்கணக்கில் பேசுவார்கள். வாடைக்காற்றில் எந்த மீன், கச்சானில் எது, டீசல் போகப் பங்கு எப்படிப் பிரியும், படகுக்கு எவ்வளவு, எஞ்சினுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று எல்லாம் வரும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வெளியூர்க்காரர் அபிப்பிராயம் சொல்லாமல் காதை மட்டும் கொடுப்பது நல்லது. அது சுருக்குமடி வலை. மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி அள்ளுகிற இந்த வலையைத் தமிழ்நாட்டு அரசு 2000இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும், பகல் நேரத்தில், நிபந்தனைகளோடு அனுமதித்து இடைக்கால உத்தரவு போட்டது. கடலூர் மாவட்டக் கடற்கரையில் இதற்காக ஊருக்கு ஊர் மோதல் நடந்திருக்கிறது. கடன் வாங்கி அந்த வலையைப் போட்டவருக்கும், அதனால் தன் வலையில் மீன் விழவில்லை என்கிறவருக்கும் இது சோற்றுப் பிரச்சினை.

வெயில் ஏறியதும் துறையிலிருந்து ஊருக்குள் நடக்கலாம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்ச்சுக்கீசியர் வந்து தங்கி, போர்ட்டோ நோவோ என்று வரைபடங்களில் ஏற்றிய ஊர் இது. பின்னால் டச்சுக்காரரும், டேனிஷ்காரரும், ஆங்கிலேயரும் இங்கே பண்டகசாலை வைத்தார்கள். எல்லோருக்கும் தேவைப்பட்டது உள்நாட்டில் நெய்து சாயம் தோய்த்த துணி. அவர்கள் வருவதற்கு முன்பும், வந்த பின்பும், போன பின்பும் இந்தத் துறையில் கப்பல் ஓட்டியவர்கள் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். மலாக்கா, கெடா, அச்சே, பின்னால் பினாங்கு என்று அவர்களுடைய கப்பல்கள் போய் வந்தன. இன்றைக்கும் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார். பழைய பள்ளிவாசல்களும் தர்காக்களும் உள்ள தெருக்களில் மெதுவாக நடந்தால் போதும், அந்தத் தொடர்ச்சி கண்ணில் படும். தொழுகை நேரத்தில் கேமராவை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும், அது எந்த ஊருக்கும் பொது.

பாபாஜியைத் தேடி வெளிநாட்டவர்கூட வருகிறார்கள். மகாவதார் பாபாஜி பிறந்த ஊர் இதுதான் என்பது கிரியா யோக மரபில் ஒரு சாராரின் நம்பிக்கை. அவருக்கு இங்கே சிறு கோயில் இருக்கிறது.

1781 ஜூலை 1ஆம் தேதி ஐதர் அலியின் படையும் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படையும் மோதியது இந்தக் கடற்கரையில்தான். அதற்குச் சில நாள் முன்பு கூட், ஐதரின் ஆட்கள் காவலில் இருந்த சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கியிருந்தார். பரங்கிப்பேட்டையில் எண்ணிக்கையில் மிகப் பெரிய ஐதர் படை, கடலில் நின்ற கப்பலின் பீரங்கித் துணையும் கிடைத்த கூட்டின் சிறிய படையிடம் தோற்றது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வருவது இது.

பாடப்புத்தகத்தில் வராமல் போன கதை இன்னும் பெரியது. 1830ஐ ஒட்டி இந்த ஊரில் ஓர் இரும்பாலை எழுந்தது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்தவர், சேலத்து இரும்புத் தாதுவைக் கண்டு மயங்கி வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் இறங்கினார். தாது சேலம் பக்கத்திலிருந்து, எரிப்பதற்கு நிலக்கரிக்குப் பதில் மரக்கரி, ஏற்றுமதிக்குத் துறைமுகம். ஐரோப்பிய முறையில் ஊதுலை வைத்துப் பெரிய அளவில் இரும்பு உருக்கிய முதல் முயற்சிகளில் இந்தியாவில் இதுவும் ஒன்று. இங்கிருந்து போன இரும்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு உருக்காலைகள் வரை சென்றது. ஹீத் பிறகு இங்கிலாந்து திரும்பி, எஃகு செய்வதில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முழுக்க அந்த முறையை எடுத்துக்கொண்டது. அவருக்குக் கிடைத்தது பல ஆண்டு வழக்குகள்தான்.

ஆலைக்கு என்ன ஆனது? மரக்கரிக்காகக் காடு காடாக வெட்ட வேண்டியிருந்தது. தூரம் தூரமாகத் தாதுவையும் கரியையும் கொண்டுவரும் செலவு ஏறிக்கொண்டே போனது. இங்கிலாந்தில் நிலக்கரியில் உருக்கிய மலிவு இரும்போடு போட்டிபோட முடியவில்லை. கம்பெனி கைமாறி, கடனில் முங்கி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூடிவிட்டது. ஜாம்ஷெட்பூரைத் தெரிந்த பிள்ளைகளுக்கு, அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுக்கு முன்பே தங்கள் மாவட்டத்து மீன்பிடி ஊரில் ஊதுலை எரிந்தது தெரியாது. மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிற நெய்வேலியும் கம்மாபுரமும் இருக்கிற அதே மாவட்டத்தில், நிலக்கரி இல்லாத காரணத்தால் ஓர் இரும்பாலை படுத்துப்போனது என்பதை எந்த வகுப்பறையிலும் சொல்லித் தரலாம்.

வெள்ளாற்றங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா தொடங்கி வளர்த்த நிலையம், 1960களிலேயே பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையம் என்ற தகுதி பெற்றது. ஆறு, முகத்துவாரம், கண்டல் காடு, கடல் நான்கும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்ததில் பெரிய முன்யோசனை தெரிகிறது. இந்தியாவில் அதிகமாக ஆராயப்பட்ட முகத்துவாரங்களில் வெள்ளாறும் ஒன்றாக இருப்பதற்கு இந்த மையம்தான் காரணம். அங்குள்ள அருங்காட்சியகத்தில் கடல் உயிரினங்களின் பெரிய சேகரிப்பு உண்டு. பள்ளிக்கூடங்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டுப் போனால், அன்று காலை ஏலத்தில் பார்த்த மீனைப் பிள்ளைகள் அங்கே பெயரோடு பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு பிச்சாவரம் போனால் அந்தக் காடு வேறு மாதிரித் தெரியும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த கண்டல் காடும் கால்வாய்களும். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த இடம் என்று ஓடக்காரர்கள் இன்றும் காட்டுகிறார்கள். மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகில் போவதுதான் சரி. குறுகலான வாய்க்காலுக்குள் அதுதான் போகும், சத்தமும் கிடையாது. சுரபுன்னையின் வேர்கள் மேலிருந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். வெண்கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவே தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம். ஊருக்குள் இப்போது அதைக் காண முடியாது, காட்டில் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகிற அளவுக்கு எரியும், ஆகவே பிள்ளைகளை இலையைக் கிள்ள விடக் கூடாது.

இந்தக் காடு தானாக இப்படி நிற்கவில்லை. ஒரு காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, புதுக் கன்று முளைக்காமல் போனது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சுற்றுக் கிராமத்து மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, கடல் ஏற்றத் தண்ணீர் உள்ளே வந்து வெளியே போக வழி செய்தார்கள். பிறகு நட்டவை பிழைத்தன. படகிலிருந்து பார்க்கும் பச்சையில் ஒரு பங்கு இப்படி மண்வெட்டியால் வந்தது.

அதே வாய்க்கால்களில் மார்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களைப் பார்க்கலாம். வலை கிடையாது. ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் தட்டுப்பட்ட இறால் நேராகப் பறிக்குள் போகும். சேற்றில் கிடக்கும் ஆளி ஓடு கையைக் கிழிக்கும், கெளுத்தி குத்தும். மணிக்கணக்கில் அந்தத் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் படகு போகும்போது கேமராவைத் தூக்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேலை செய்கிற இடத்தில், நனைந்த உடையோடு, முன்பின் தெரியாதவர் கேமராவில் விழுவது யாருக்குத்தான் பிடிக்கும்?

2004 டிசம்பர் 26. இந்தக் கரையைப் பற்றிப் பேசிவிட்டு அதைச் சொல்லாமல் போக முடியாது. காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு போன்ற குப்பங்களைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தப்பியவர்களுக்கு முதலில் சோறு போட்டவர்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத் முக்கியமானது. அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொடுத்தார்கள், அடக்கம் செய்ய ஆட்கள் வந்தார்கள்.

காடு காப்பாற்றியதா என்ற கேள்வி பிறகு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பரங்கிப்பேட்டை மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் அவரோடு ராஜேந்திரன் என்பவரும் இப்பகுதியில் 18 குப்பங்களை ஆராய்ந்து, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். கடலிலிருந்து தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரிய காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள். வாதம் எப்படியிருந்தாலும், அடுத்த அலைக்கு முன்னால் காடு இருப்பதா இல்லாமல் போவதா என்று கிள்ளைக்காரர்களைக் கேட்டால் பதில் உடனே வரும்.

கடலைப் பார்க்க உள்நாட்டிலிருந்து கிளம்புகிற பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கம்மாபுரத்துக்குப் பக்கத்து ஸ்ரீமுஷ்ணத்து பூவராக சுவாமியே ஒவ்வொரு மாசி மகத்துக்கும் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். வழியெல்லாம் ஊர் ஊராக மண்டகப்படி. கிள்ளை தைக்காலில் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் மாலையும் பட்டும் கொடுத்துப் பெருமாளை வரவேற்கிறார்கள். பெருமாளுக்குச் சாத்திய மாலை தர்காவுக்குப் போய், சமாதியில் போர்த்தப்பட்டு, பாத்தியா ஓதப்படுகிறது. சுவாமியோடு வயல்காட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கடலுக்குப் போய்க் குளித்து, கடற்கரை ஜனங்கள் கொடுக்கிற மோரைக் குடித்துத் திரும்புகிறார்கள். விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும், விருந்து கொடுப்பவர் எப்படி வரவேற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் சுற்றுலாத் துறையிடம் கிடையாது.

கேரளத்தில் குமரகத்தில் 2008இல் பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஓட்டல்கள் காய்கறியும் மீனும் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களிடம் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். பாய் முடைவது, வலை வீசுவது போன்ற வேலைகளைப் பார்க்க வருகிறவர் கட்டுகிற பணம் அந்த வீட்டுக்கே போகும்படி செய்தார்கள். பரங்கிப்பேட்டைக்கும் அந்த வழி பொருந்தும், பெரிய ரிசார்ட் எதுவும் வேண்டாம். அன்னங்கோயில் துறையில் மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு நல்ல கழிவறை, நிழல், குடிதண்ணீர் வேண்டும். அதையே வருகிறவர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். இரும்பாலை இருந்த ஊர் இது என்று தமிழில் ஒரு பலகை வேண்டும். மீனவர் வீட்டுப் பெண்கள் சமைத்துப் போடுகிற ஒரு சாப்பாட்டுக்கடை வேண்டும். இதில் எதுவும் கோடிக்கணக்கில் செலவு வைக்கிற வேலை கிடையாது.

கிளம்புகிறவர்கள் முதல்நாள் இரவே சிதம்பரத்தில் தங்கிவிடுவது வசதி. ரயிலில் வருகிறவர்களுக்குக் கடலூர்–சிதம்பரம் பாதையில் பரங்கிப்பேட்டைக்கே நிலையம் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் நிற்காது. ஒரு ஐஸ் பெட்டி, மாற்றுத் துணி, சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். குப்பையைத் திருப்பி எடுத்து வர ஒரு பை வேண்டும். காயப்போட்ட வலையைத் தாண்டக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை சாமியார்பேட்டைப் பக்கக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும், இரவில் அங்கே டார்ச் அடிக்கவும் வண்டி ஓட்டவும் வேண்டாம். மீன் அதிகமாக வேண்டும் என்கிறவர்கள் ஜூன் 15க்குப் பிறகு வருகிற முதல் வாரத்தில் போகலாம். இரண்டு மாதம் ஓய்ந்த கடலிலிருந்து படகுகள் திரும்பும்போது இறால் கூறு கூறாகக் குவியும், விலையும் கைக்கு எட்டும்.